ஓனிகோஷி சுரங்கத்துக்கு முன்னால் ஓர் ஆயில் சந்தேகம்

ஹலோ… ஹலோ, மோகி சானா? நான்தான், யோரிகோ. ஸ்கூல் சமையல் கூடத்து யோரிகோ… ஆமா, ஆமா, வெள்ளை சின்னக் காரு, அதேதான்… கேக்குதா? அங்க என்ன அவ்வளவு சத்தம்?… ஓ, நகராட்சியோட பனி தள்ளுற வண்டியா? இன்னிக்குன்னு பார்த்து அதுவும் படுத்துடுச்சா… சரி, சரி, வேலையா இருக்கீங்க, நான் அப்புறமா… இல்ல, இல்ல, வெச்சிடாதீங்க! ரெண்டு நிமிஷம். ரெண்டே நிமிஷம்.

ஒரு சின்ன சந்தேகம். ஆயில் பத்தி.

… சமையல் எண்ணெய் இல்லங்க, கார் ஆயில். முந்நூறு பிள்ளைங்களுக்கு வறுத்துப் போடுறவளுக்கு எண்ணெய் பத்தி நீங்க சொல்லித் தரணுமாக்கும். கிண்டல் பண்ணாதீங்க, நான் நெசமாத்தான் கேக்குறேன்.

கொஞ்ச தூரமே ஓடுற காருக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும்?

… என் காருதான். வேற யார் காரைப் பத்திக் கேக்கப் போறேன்… கடைசியாவா? போன முறை வண்டிச் சோதனைக்கு நீங்க எடுத்துட்டுப் போனீங்களே, அப்போ நீங்கதான் மாத்தினீங்க. நவம்பர். இந்த நவம்பர் இல்ல, அதுக்கு முந்தின நவம்பர்… பதினாலு மாசம், ஆமா… அட, கத்தாதீங்க. பதினாலு மாசம்தான், ஆனா ஓடினது எவ்வளவு? இருங்க, முன்னாலதான் தெரியுது… ஆயிரத்து நூறு கிலோமீட்டர். அவ்வளவுதான்! பத்து டன் லாரி ஓட்டினப்போ அதை நான் ஒண்ணரை நாள்ல ஓட்டிடுவேன். அந்த லாரிக்கு இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவைதான் ஆயில். இது குழந்தை வண்டி, ஆயிரத்து நூறு ஓடியிருக்கு, இதுக்குப் போயி…

… கதவு ஓரத்துலயா? ஒட்டியிருக்கு, ஆமா. உங்க கையெழுத்துதான், கோழி கிண்டின மாதிரி. "மே மாசம் அல்லது மூவாயிரம் கிலோமீட்டர்"… "எது முதல்ல வருதோ அது." ஆமா, போட்டிருக்கு. நான் பார்க்கல. பார்த்தேன், கிலோமீட்டரை மட்டும் பார்த்தேன்.

… மூணு மாசமா! சின்னச் சின்ன ஓட்டத்துக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவையா? என்ன அநியாயம் மோகி சான்! ஓடாத காருக்கு அதிகமா மாத்தணும், ஓடுற காருக்குக் கொறைச்சு மாத்தணுமா? சும்மா உக்காந்திருக்கறவங்களுக்குத்தான் பசி அதிகம்னு சொல்ற மாதிரி இருக்கு.

… ம்… ம்… சூடு ஏறாதா? சரி… சூடே ஏறாம அணைச்சுடறேன்… அதனால உள்ள இருக்கற ஈரம் வெளிய போகாம… ஆமா, ஆமா, புரியுது. சோத்துப் பானை மூடி மாதிரி. ஆவி அடிச்சு, மூடியில முத்து முத்தா நின்னு, திரும்ப சோத்துக்குள்ளயே சொட்டும் பாருங்க, அந்த மாதிரி. பெட்ரோலும் கொஞ்சம் கலக்குமா? ஐயோ.

அப்போ… இப்போ என் ஆயில் கெட்டுப் போயிருக்கும், இல்லையா?

பதினாலு மாசம் ஆச்சே. கண்டிப்பாக் கெட்டிருக்கும். இப்படிப்பட்ட காரை எடுத்துட்டு திடீர்னு தூரமா போகக் கூடாது, இல்லையா? பழக்கமே இல்லாத வண்டி. பனி வேற. வழியில நின்னுட்டா என்ன பண்றது. நீங்களே சொல்லுங்க, ஒரு மெக்கானிக்கா. போகக் கூடாதுதானே?

… எங்கயும் இல்ல. சும்மாதான் கேக்குறேன்.

… சும்மாதான்னு சொல்றேன்ல.

… சரி, மிசுஹாராவுக்கு. முப்பத்தெட்டு கிலோமீட்டர்… இன்னிக்குத்தான். இப்போதான். எனக்கு இன்னிக்கு லீவு… நானா? இங்க, கடைகிட்ட நிக்கிறேன். சுரங்கத்துக்கு முன்னாடி கடைசியா ஒரு கடை இருக்கே, அதோட வண்டி நிறுத்துற இடத்துல. இஞ்சின் ஓடிட்டுத்தான் இருக்கு. ஹீட்டர் போட்டிருக்கேன், கண்ணாடியெல்லாம் ஆவி… அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு? நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. போகலாமா, கூடாதா? "கூடாது"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். நான் வீட்டுக்குப் போயிடறேன்.

… இப்போவா? இறங்கியா? வெளியில பனி கொட்டுது… சரி, சரி, அணைச்சுட்டேன். அஞ்சு நிமிஷம் விடணுமா?… ரெண்டு போதுமா. ம்.

(ரெண்டு நிமிஷம் என்ன, ரெண்டு மணி நேரமா இங்க நின்னுட்டுத்தான் இருக்கேன்.)

… ஒண்ணும் இல்ல, எனக்குள்ள பேசிக்கிட்டேன்.

சரி, இறங்கிட்டேன். போனை கழுத்துல இடுக்கியிருக்கேன், கரகரன்னு கேட்டா பொறுத்துக்கோங்க… பானெட் தூக்கிட்டேன். ஆயில் பாக்குற குச்சி, மஞ்சப் பிடி, தெரியும், தெரியும், பதினேழு வருஷம் லாரி ஓட்டினவகிட்ட குச்சி எங்க இருக்குன்னு சொல்றீங்களா… உருவி, துடைச்சு, மறுபடி விட்டு… வந்துடுச்சு.

மோகி சான், நிறைய இருக்கு! மேல் கோட்டைத் தொடுது. கொறையவே இல்ல, பாருங்க… என்னது, அது நல்லது இல்லையா?… ஓ. பெட்ரோல் கலந்து கலந்து ஏறியிருக்குமா? ம்… மேல் கோட்டைத் தாண்டல. தொட்டுட்டு நிக்குது… மோந்து பார்க்கணுமா? ஆமா, லேசா பெட்ரோல் வாடை. லேசாத்தான்… கறுப்பு. கறுப்புன்னா, சோயா சாஸ் மாதிரி… ஆயில் ஊத்துற மூடியா? திருகுறேன்… ஐயய்யோ! உள்பக்கமெல்லாம் வெள்ளையா, பழுப்பா, மயோனைஸ் மாதிரி ஒட்டியிருக்கு! பாருங்க, சொன்னேன்ல! இதுக்கு மேல என்ன வேணும்! செத்துப் போச்சுல்ல இஞ்சின்?

… மூடியில மட்டும்தான்… குச்சியிலயா? இல்ல, குச்சியில வெள்ளை இல்ல, கறுப்பு மட்டும்தான்… இஞ்சின் சூட்டை ஆத்துற பச்சைத் தண்ணி டப்பாவா? அது சரியாத்தான் இருக்கு. கோட்டுக்குள்ளதான்.

… இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகலையா? நெசமாவா சொல்றீங்க?

… இல்ல, நான் வருத்தப்படல. சந்தோஷம்தான். ஆனா…

இருங்க, உள்ள ஏறிக்கறேன். விரலெல்லாம் மரத்துப் போச்சு.

ம். சொல்லுங்க. போகலாம்னு சொல்றீங்க… போறதே நல்லதுன்னு சொல்றீங்க… முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓடினா நல்லா சூடேறி ஈரமெல்லாம் போயிடும், அறுபதுக்கு மேல விரட்டாம போகணும், திரும்பி வந்து நாளைக்கு உங்ககிட்ட விட்டா புது ஆயில் ஊத்திடுவீங்க. அவ்வளவுதானா? வேற ஒண்ணும் கோளாறு இல்லையா? பேட்டரி? போன வாரம் ஒரு மாதிரி சத்தம்… டயர்? டயர் நீங்கதான் பனிக்கு மாத்திக் கொடுத்தீங்க, ஆமா. வைப்பர் லேசாக் கீச்சுன்னு… வைப்பர் கீச்சுன்னா போகக் கூடாதுன்னு நீங்க சொல்ல மாட்டீங்க. தெரியும்.

… என்ன கணக்கு?

… வேலைக்குப் போக எண்ணூறு மீட்டர், வர எண்ணூறு. ஆமா. காய்கறிக் கடை, பக்கத்துலதான். ஆமா… பதினாலு மாசத்துக்கு அறுநூறுதான் வரும்னா வரட்டுமே, எனக்கென்ன தெரியும்… மீதி ஐந்நூறா? மீதி ஐந்நூறு எங்க ஓடுச்சுன்னு நான் எழுதியா வெச்சிருக்கேன்? மெக்கானிக்கா இல்ல போலீஸா நீங்க?

…

…

ஞாயித்துக்கிழமை.

ஞாயித்துக்கிழமை காலையில இங்க வருவேன். இந்தக் கடை வரைக்கும். வீட்டுலேருந்து ஒண்ணு புள்ளி ஒன்பது கிலோமீட்டர். ஒரு காப்பி வாங்குவேன். உக்காந்திருப்பேன். அப்புறம் திரும்பிடுவேன். சில ஞாயிறு ரெண்டு தடவை, மூணு தடவை… ஆமா, மூணு தடவையும் இது வரைக்கும்தான்.

… காப்பிக்காக இல்ல மோகி சான். இந்தக் காப்பியை மனுஷன் குடிப்பானா.

விடுங்க. மணி என்ன, ஒன்பது இருபதா? நான் வீட்டுக்குப் போறேன். ஆயில் மாத்தாம போறது மனசுக்கு ஒப்பல. நாளைக்கு மாத்திட்டு, அப்புறமா ஒரு நாள்… ஹாங்? என்ன சொன்னீங்க?

சாயோவா?

என் பொண்ணு உங்களுக்கு போன் பண்ணினாளா? எப்போ?… முந்தாநாள். மிசுஹாரா ஆஸ்பத்திரியிலேருந்தா? படுக்கையிலேருந்தா? உங்க நம்பர் அவளுக்கு எப்படி… நான்தான் கொடுத்தேன். ஆமா, எப்பவோ கொடுத்தேன்.

என்ன கேட்டா?

…

…

ம்.

…

"எங்கம்மா காரு அவ்வளவு மோசமா"ன்னு கேட்டாளா.

… அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க? மோகி சான், தயவு செஞ்சு… "காரு நல்லாத்தான் இருக்கு, கிட்டத்துலயே ஓடறதால மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தினா போதும்." அப்படியே சொல்லிட்டீங்களா. நீங்க என்ன பண்ணுவீங்க, கேட்டா சொல்லத்தான் செய்வீங்க. உங்க மேல ஒண்ணும் தப்பில்ல.

தப்பு என் மேலதான். அவகிட்ட நான் என்ன சொல்லி வெச்சிருக்கேன் தெரியுமா? "மோகி சான் இந்தக் காரை தூரமா எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லிட்டாரு." உங்க பேரைச் சொல்லித்தான். ஆறு வருஷமா. முதல்ல பிரேக்குன்னு சொன்னேன், அப்புறம் ஏதோ பெல்ட்டுன்னு சொன்னேன். பாவம், என் வாயில உங்க பேரு ரொம்ப அடிபட்டுடுச்சு. மன்னிச்சிடுங்க.

… சிரிக்காதீங்க. இதுல சிரிக்க என்ன இருக்கு. "இவ்வளவு மோசமான மெக்கானிக்கா நான்"னு நீங்க சிரிக்கலாம். என்னால முடியல.

அவளுக்குப் பித்தப்பை ஆபரேஷன், போன வாரம். சொன்னாளா? ஆபரேஷன் அன்னிக்கு நான் போகல. குடும்பத்து ஆளு கையெழுத்துப் போடுற இடத்துல அவ ஆபீஸ் மேலாளரு போட்டாராம். யாரோ ஒரு மனுஷன். அவ அப்பா விட்டுட்டுப் போன நாளா நானும் அவளும் மட்டும்தான். அந்த லாரி போட்ட சோறுதான் ரெண்டு பேருக்கும். ஆனா கையெழுத்து ஆபீஸ்காரரு போடுறாரு, ஏன்னா அம்மாவோட காரு சரியில்ல.

இன்னிக்குப் பதினொரு மணிக்கு வெளிய விடறாங்க. மூணாவது மாடியில வீடு, லிஃப்ட் கிடையாது. ரயிலும் பனியில நின்னுடுச்சு. நேத்து பேசினப்போ என்ன சொன்னா தெரியுமா? "அம்மா, பனி அதிகமா இருந்தா வராத. நான் டாக்ஸி பிடிச்சுக்கறேன்." சாதாரணமா சொன்னா. சோயா சாஸ் வாங்கணும்கற மாதிரி.

அப்பவே அவளுக்குத் தெரியும், இல்லையா? காரு நல்லா இருக்குன்னு. முந்தாநாளே தெரிஞ்சுக்கிட்டு, நேத்து என்னை ஒரு வார்த்தை கேக்கல. நான் தப்பிச்சுக்க பனியை எடுத்துக் கையில கொடுத்திருக்கா.

…

… இருக்கேன். இருக்கேன். போன் கட் ஆகல. மூக்கு சிந்திக்கறேன்.

… முதுகு வலியா? அது பொய்யி. முதுகு வலின்னு லாரியை விட்டேன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். முதுகுக்கு ஒண்ணும் இல்ல. முந்நூறு பேருக்கு சோத்துப் பானை தூக்குறவளுக்கு என்ன முதுகு வலி?

இந்தச் சுரங்கம்தான் மோகி சான்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி நீங்களும் மண்வெட்டி எடுத்துட்டு வந்தீங்களே. ஆமா, பனிச்சரிவு இந்தப் பக்க வாயை அடைச்சப்போ. உள்ள நாப்பது வண்டி. பத்தொன்பது மணி நேரம். என் லாரியில ஆரஞ்சு லோடு. பெட்டி பெட்டியா இறக்கி எல்லாருக்கும் கொடுத்தேன். பேப்பர்ல படம் கூட வந்துச்சு. "ஆரஞ்சு அக்கா"ன்னு போட்டிருந்தான். பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுட்டு நிக்கிறேன் அதுல. உங்க கடைச் சுவத்துல வெட்டி ஒட்டியிருந்தீங்க, ரொம்ப நாளா.

… இன்னும் இருக்கா? எடுத்துடுங்க.

யாரும் சாகல. யாருக்கும் சின்னக் காயம் கூட இல்ல. அதனாலதான் சொல்ல வெக்கம். அஞ்சாவது மணி நேரம் விளக்கெல்லாம் அணைஞ்சுது பாருங்க, கரண்ட்டு போயி. அதுவரைக்கும்தான் அந்தப் படத்துல இருக்கறவ. அதுக்கப்புறம் நான் கேபின்ல ஏறி உக்காந்துட்டேன். ஜன்னலைத் தட்டினாங்க, திறக்கல. தூங்கறேன்னு நெனச்சுப் போயிட்டாங்க. மூச்சு உள்ள போகும், வெளிய வராது. பதினாலு மணி நேரம் அப்படியே. விடிஞ்சு நீங்கள்லாம் ஓட்டை போட்டப்போ இறங்கி வந்து கை ஆட்டினேன். படம் எடுத்தாங்க. வீட்டுக்கு வந்தேன். அவ்வளவுதான். அன்னியோட நான் இந்தப் பள்ளத்தாக்கை விட்டு வெளிய போகல. பஸ்ஸுலயும் போகல, ரயில்லயும் போகல. எல்லாத்துக்கும் ஒரு சுரங்கம் உண்டே.

… இல்ல, டாக்டர்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். அதுவும் ஆயில் பத்திக் கேக்கப் போயி.

… நீங்க வரீங்களா? நீங்க ஓட்டுறீங்களா? ஐயோ, நெசமாவா… எப்போ?… பன்னெண்டுக்கா. அந்தப் பனி வண்டியை முடிச்சுத்தான் வர முடியும். ஆமா, அது முடியலன்னா ஊரே வெளிய வர முடியாது. புரியுது… பன்னெண்டுக்குக் கிளம்பினா ஒண்ணரை ஆயிடும். அவ டாக்ஸி பிடிச்சுப் போயிருப்பா. வயித்தைப் பிடிச்சுட்டு மூணு மாடி ஏறியிருப்பா. ஏறி, எனக்கு போன் பண்ணி, "அம்மா, பத்திரமா வந்துட்டேன், நீ கவலைப்படாத"ன்னு சொல்லுவா.

அதைக் கேட்டுட்டு நான் எப்படி இருக்கறது?

… நீங்க வேணாம். வராதீங்க. அதை முடிங்க.

மோகி சான், ஒரு உதவி. போனை வெச்சுடாதீங்க. ஸ்பீக்கர்ல போட்டுடறேன், கண்ணாடிக்குக் கீழ ஸ்டாண்டு இருக்கு. நான் இஞ்சினைப் போடறேன். நீங்க பேசிட்டே இருங்க. எதையாவது பேசுங்க… "தைரியமா போ"ன்னு எல்லாம் பேசாதீங்க, அது வேணாம். ஆயிலைப் பத்திப் பேசுங்க.

போட்டுட்டேன். நீல விளக்கு எரியுது, ஆறிப் போச்சு மறுபடி… சூடேறின பிறகுதான் அது அணையணும், ஆமா, தெரியும். எனக்கு எப்பவும் வீட்டு வாசல்ல வந்துதான் அணையும். அணைஞ்ச உடனே நான் இஞ்சினை அணைச்சிடுவேன்.

கடையை விட்டு வெளிய வந்துட்டேன்… ஆமா, இடது பக்கம் பார்த்தேன். ஒரு லாரி வருது, போகட்டும். போயிடுச்சு. ஏறிட்டேன் ரோட்டுல.

பேசுங்க. ஏன் நிறுத்திட்டீங்க?

… ம். குளிருக்கு முன்னாடி ஒரு தடவை… ம். குளிர் முடிஞ்சு ஒரு தடவை. நடுவுல ஜனவரியில ஒண்ணு. ஃபில்டரு ரெண்டு தடவைக்கு ஒண்ணு… ஆமா, கேக்குது. வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் நிக்காம ஓட்டினா மூணு மாசத்தை ஆறு மாசம் ஆக்கலாமா? ஊருக்குள்ளயே அரை மணி நேரம் எங்க ஓட்டுறது, தொட்டி மீன் மாதிரி சுத்திச் சுத்தியா… சரி, சரி, நீங்க சொல்லுங்க.

சுரங்க வாய் தெரியுது.

ரெண்டு கையும் ஸ்டீயரிங்லதான் மோகி சான். எவ்வளவு நீளம் இது? ஆயிரத்து நானூத்தி எண்பது மீட்டர். தெரியும், போர்டுல போட்டிருக்கு, ஒவ்வொரு ஞாயிறும் படிக்கிறேன். உள்ள போனா உங்க சத்தம் வராது, இல்ல?… வராது. சரி.

பின்னால ஒருத்தன் ஒட்டிட்டே வரான். நிறுத்தக் கூட முடியாது. திரும்பவும் முடியாது… ஆமா, நாப்பதுலதான் போறேன்.

பேசுங்க, பேசுங்க! திக்கு, தண்ணின்னு என்னமோ சொன்னீங்களே, எந்த ஆயிலு… தண்ணியா இருக்கறதா? குளிருக்கு அதுதான் நல்லதா? எந்த நம்பரு? சொல்லுங்க, பூஜ்யம்… பூஜ்யம் என்ன? மோகி சான், பூஜ்யத்துக்கு அப்புறம் என்ன? கேக்கல. ஹலோ? ஹலோ?… ஹலோ…

சுரங்கத்துக்குள் இணைப்பு அறுந்துபோனது. மோகி மூன்று முறை திரும்ப அழைத்துப் பார்த்தார்; கிடைக்கவில்லை. பதினெட்டு நிமிடம் கழித்து அவருடைய போன் அடித்தது.

ஹலோ… மோகி சான்? நான்தான்…

…

வந்துட்டேன். இந்தப் பக்கம். சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டுற இடம் ஒண்ணு இருக்கே, அங்க ஓரமா நிறுத்தியிருக்கேன்… ஆமா, நெசமாத்தான். வேணும்னா படம் எடுத்து அனுப்பட்டுமா… இருங்க, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்.

… பதினெட்டு நிமிஷமா? அவ்வளவா ஆச்சு? கேளுங்க. நடந்ததைக் கேளுங்க. உள்ள நின்னுடுச்சு!

… வண்டி இல்ல, வரிசை! நடுவுல, சரியா நடுவுல, முன்னால போன லாரி பட்டுபட்டுன்னு ரெண்டு பக்கமும் விளக்கைப் போட்டு நின்னுட்டான். அவனுக்கு முன்னாலயும் நிக்குது. பின்னால நிக்குது. நான் நெனச்சேன், அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு. மறுபடியும் அதேதான். ஸ்டீயரிங்கைப் பிடிச்சுட்டு, கண்ணை மூடிட்டேன். அதே மாதிரி. உள்ள போன மூச்சு வரல.

ஜன்னலைத் தட்டினாங்க.

திறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். விடாம தட்டுறாங்க. பார்த்தா பின்னால ஒட்டிட்டு வந்தவன். கோட்டு டையெல்லாம் போட்ட ஆளு, நாப்பது வயசு இருக்கும். முகம் காயிதம் மாதிரி வெளுத்துப் போயி இருக்கு. "அக்கா, என்ன ஆச்சு? எவ்வளவு நேரம் ஆகும்? மேல ஏதாவது விழுந்துடுச்சா? நடந்து வெளிய போயிடலாமா?"ன்னு கேக்குறான். பல்லு அடிச்சுக்குது மோகி சான் அவனுக்கு. என்னை விட மோசம்!

நான் என்ன பண்ணேன்னு எனக்கே தெரியல. வாய் தானா பேசுது. "ஒண்ணும் விழல. சுரங்க வாய்க்கிட்ட பனி தள்ளுறாங்க, ஒரு பக்கமா விடறாங்க, அவ்வளவுதான். மேல விசிறி ஓடுற சத்தம் கேக்குதா? காத்து இருக்கு. நடக்காத, அடிபட்டுச் சாவ. போயி உன் வண்டியில உக்காரு, ரெண்டு பக்க விளக்கையும் போடு, ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கு"ன்னு அதட்டறேன். லாரிக்காரி குரல்ல! ஆறு வருஷமா அந்தக் குரல் எங்க இருந்துச்சுன்னு தெரியல. சமையல் கூடத்துல கூட அப்படி ஒரு தடவை பேசினது இல்ல.

… எனக்கு எப்படித் தெரியும், பனி தள்ளுறாங்கன்னு? எனக்கு ஒண்ணும் தெரியாது! அடிச்சு விட்டேன். ஆனா அதுதான் நெசமா இருந்துச்சு, வாய்க்கிட்ட வந்தா ஒரு ஆளு கொடியை வெச்சுட்டு நிக்கிறான்… ஆமா, ஆமா. அவன் போகல, அந்த டை கட்டினவன். "இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே நிக்கட்டுமா"ன்னு கேட்டான். நில்லுன்னேன். ஜன்னல் வழியா பேசிட்டே இருந்தோம். என்ன பேசறதுன்னு தெரியல, ஆயில் பத்திப் பேசினேன்… நெசமா! "உன் காரு எவ்வளவு தூரம் ஓடுது, எப்போ ஆயில் மாத்தின?"ன்னு கேட்டேன். திருதிருன்னு முழிக்கிறான். அவனும் ஸ்டேஷன் வரைக்கும் மட்டும்தான் ஓட்டுவானாம். நல்லாத் திட்டினேன். "மூணு மாசம் அல்லது மூவாயிரம் கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அது"ன்னு சொன்னேன். அவன் போன்ல குறிச்சுக்கிட்டான், அந்த இருட்டுல.

அப்புறம் நகர ஆரம்பிச்சுது. அவன் ஓடினான். நான் வந்துட்டேன்.

… இல்ல, பயம் போகல. போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், உங்ககிட்ட இனிமே பொய் வேணாம். திரும்பி இதே வழியாத்தான் வரணும்… அப்போ சாயோ பக்கத்துல இருப்பா. ஒரு வாரம் நம்ம வீட்டுல வந்து இரு, நான் சமைச்சுப் போடறேன்னு கூட்டிட்டு வரேன். அவகிட்ட எல்லாத்தையும் சொல்லணும். ஆரஞ்சையும் சொல்லணும், பிரேக்கையும் பெல்ட்டையும் சொல்லணும். உங்க பேரைக் கழுவித் தரேன், கவலைப்படாதீங்க.

… நாளைக்கா? முடியாது, அவ உடனே கிளம்ப முடியலன்னா இன்னிக்கு அவ வீட்டுல தங்கினாலும் தங்குவேன். நாளான்னிக்குக் கொண்டு வரேன். ஆயில், ஃபில்டர் ரெண்டும் மாத்துங்க. அந்தத் தண்ணியா இருக்கற ஆயிலே போடுங்க… கேட்ட நம்பரை அப்புறம் சொல்லுங்க, நான் என்ன பண்ணப் போறேன் அதைத் தெரிஞ்சு.

மணி பத்தாச்சு. கிளம்பறேன். அடடா… மோகி சான், இங்க ரோட்டையே மாத்திட்டாங்க! முன்னாடி நேரா ஒரே ரோடு. இப்போ ரெண்டா பிரியுது, மேல பாலம் வேற போகுது. எப்போ கட்டினாங்க இதை?… மூணு வருஷமா. மூணு வருஷமா பாலம் நிக்குது, எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு எதுல போகணும், இடதா, வல… இல்ல, இருங்க. சொல்லாதீங்க.

போர்டு இருக்கு. நான் படிச்சுக்கறேன். வெச்சிடறேன்.